ஹொயிஸ்ட் பிரேக்கும் நமது உயிரும்
(பெக்டரித் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேசப்போவது சம்பளத்தைப் பற்றியோ லயத்தைப் பற்றியோ அல்ல. கொழுந்து மூட்டைகளை வாட்டும் மாடிக்குத் தூக்குகிற ஹொயிஸ்டின் பிரேக்கைப் பற்றித்தான். "அது பிட்டர் வேலை, நமக்கென்ன?" என்று நினைக்கலாம். ஆனால் அந்த மூட்டைக்குக் கீழே நடந்து போவது நாம்தானே!

ஒரு தோட்டத்தில் நாங்கள் கண்ணால் கண்டதைச் சொல்கிறோம். பாதி உயரத்தில் நின்ற மூட்டை மெல்ல வழுக்கியது. பிறகு தொப்பென்று விழுந்தது. அந்த இடத்தில் நின்ற ஒரு அக்கா, அப்போதுதான் தராசுப் பக்கம் போயிருந்தார். நல்ல காலம், யாருக்கும் அடிபடவில்லை. "ஒரு கிழமையாவே வழுக்குதுங்க" என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். எங்கள் காதிலும் அது விழுந்திருந்தது. நாங்களும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்தத் தவறு திரும்ப நடக்கக் கூடாது.

இந்தப் பிரேக்கைப் பிடிப்பது கரண்ட் அல்ல, ஸ்பிரிங். பொத்தானை அமுக்கியதும் கரண்ட் கொயிலுக்குப் போகும், கொயில் காந்தமாகி இரும்புத் தட்டை இழுக்கும், பிரேக் விடும். கரண்ட் நின்றால் ஸ்பிரிங் தட்டைத் தள்ளும், பிரேக் பிடிக்கும். அதனால்தான் திடீரென்று கரண்ட் போனாலும் மூட்டை அந்தரத்தில் நிற்கிறது.

பல ஹொயிஸ்டுகளில் ஏசி கரண்டை டிசியாக மாற்றிக் கொயிலுக்குக் கொடுக்க ரெக்டிபையர் என்ற சின்னப் பெட்டி உண்டு. நிறுத்தும்போது ஏசி பக்கம் மட்டும் துண்டித்தால் காந்தம் மெதுவாக அடங்கும். பிரேக் பிந்திப் பிடிக்கும். டிசி பக்கமும் துண்டித்தால் சட்டென்று பிடிக்கும். சுமை தூக்கும் மெஷினுக்கு இதுதான் ஏற்றது. ஆகவே பெட்டி மாற்றினால் பழைய வயர் இணைப்பைப் பார்த்து, மெஷின் புத்தகப்படி பூட்ட வேண்டும்.

லைனிங் தேயத் தேய, காந்தத்துக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி கூடும். அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளி. கூடிவிட்டால் காந்தத்தால் தட்டை இழுக்க முடியாது. பிரேக் உரசும், சூடேறும், கொயிலும் எரியும். லைனிங் மிகத் தேய்ந்தாலோ, அதில் எண்ணெய் பட்டாலோ சுமை வழுக்கும்.

சரி செய்யும் முறை இதுதான்:

1. சுமையைத் தரையில் இறக்கி, மெயின் சுவிட்சை ஓஃப் செய்து பூட்ட வேண்டும்.
2. லைனிங்கின் தடிப்பைப் பார்க்க வேண்டும். தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.
3. பீலர் கேஜால் சுற்றிவர 3 இடங்களில் இடைவெளியை அளந்து, புத்தகத்தில் உள்ள அளவுக்கு ஒரே சீராக வைக்க வேண்டும்.
4. முதலில் வெறும் கொக்கி, பிறகு சிறு சுமை, கடைசியில் முழுச் சுமை என்று சோதிக்க வேண்டும். கீழே யாரும் நிற்கக் கூடாது.

இது தெரிந்தவர் செய்யும் வேலை. நாம் கை வைக்கக் கூடாது. நமது வேலை கண்ணும் காதும் திறந்திருப்பது. 'டக்' என்ற சத்தம் கேட்கவில்லையா? கருகிய வாடை வருதா? நிறுத்திய பிறகும் மூட்டை இறங்குதா? உடனே ஹொயிஸ்டை நிறுத்தி டீமேக்கரிடம் சொல்லுங்கள். "இன்னும் நாலு மூட்டைதானே" என்று ஓட்டாதீர்கள். பிரேக்கை விடுவிக்கும் கைப்பிடியைக் கயிற்றால் கட்டி வைக்காதீர்கள்.

சுமை தூக்கும் இயந்திரங்களைப் பாதுகாப்பாக வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஆகவே பழுதைச் சொல்வது குற்றம் சாட்டுவது அல்ல. சொல்லப் பயமாக இருந்தால் எங்களிடம் வாருங்கள். இனி அன்றைக்கே எழுதிக் கொடுப்போம்.