பாறை ஓவியங்கள்: அறமும் அறிவியலும் பயிற்றும் பள்ளி

(சேந்தமங்கலத்தில் மகாவீரர் பிறந்தநாள் விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழில் கல்வி பயிலும் இடத்திற்குப் 'பள்ளி' என்று பெயர். சமண முனிவர் உறைந்த மலைக்குகைக்கும் அதுவே பெயர். முனிவர் தங்கிய இடத்தில் எழுத்தும் அறமும் கற்பிக்கப்பட்டமையால் ஒரு சொல்லே இரண்டிற்கும் உரியதாயிற்று என்பர். அந்தப் பழைய பள்ளிகளை இன்றைய பள்ளி மாணவர் மீண்டும் பாடநூலாகக் கொள்ள இயலுமா என்பதே இவ்வுரையின் பொருள்.

சேந்தமங்கலத்து மாணவர் நாள்தோறும் கண் விழிப்பது கொல்லிமலையின் முகத்தில். இங்கிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில், புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் இருக்கிறது. அங்கே ஒரே குன்றில் மூன்று பாடங்கள் அடங்கியுள்ளன.

முதலாவது வரலாறு. குன்றின் கிழக்குச் சரிவில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையில் 17 கற்படுக்கைகள் வழவழப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றில் பொ.ஆ.மு. முதலாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் தமிழி எழுத்துக் காணப்படுகிறது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் செய்து கொடுத்த இருக்கை என்று அது கூறுகிறது. மன்னர் புகழ் அதில் இல்லை. துறவி ஒருவர் அமர்வதற்கு இடம் செய்து கொடுத்த எளிய மக்களின் செயலே பதிவாகியுள்ளது.

அதே குன்றின் மேற்குப் புறத்தில் அறிவர் கோயில் என்னும் குடைவரை உள்ளது. அதன் ஓவியங்கள் முதலாம் மகேந்திரவர்மனின் காலத்தவை என்றே ஒருகாலத்தில் அறிஞர் எண்ணினர். பின்னர், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் (815–862) காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்த செய்தியைக் கல்வெட்டு உணர்த்தியது. முன்னைய கருத்து திருத்தம் பெற்றது. சான்று வந்தால் முடிவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை மாணவருக்கு உணர்த்த இதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. ஒரு பொருளைப் பல கோணங்களில் நோக்கச் சொல்லும் அநேகாந்தக் கொள்கைக்கும் இது அயலானது அன்று.

இரண்டாவது உயிரியல். அறிவர் கோயில் முன்மண்டப விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. சமவசரணத்தின் காதிகா பூமியில் பவ்வியர் மலர் கொய்யும் காட்சி அது என்று சமயம் அறிந்தோர் விளக்குவர். அந்தப் பொருளை அறியாத சிறுவனும் அங்கே மொட்டையும் விரிந்த மலரையும் இலையையும் வேறு பிரித்துக் காண முடியும். மீன், அன்னம், யானை, எருமை என்று உயிர்களை எண்ணி எழுத முடியும். எது நீரில் வாழ்வது, எது நீரை நாடி வருவது என்று பட்டியலிட்டால், நீர்நிலைச் சூழலியல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும். ஓருயிர்க்கும் ஊறு நேராத ஒரு குளத்தை ஓவியன் தீட்டியிருக்கிறான் என்பதையும் ஆசிரியர் எடுத்துரைக்கலாம்.

மூன்றாவது வேதியியல். 1930களில் சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் இவ்வோவியங்களின் சாந்தையும் நிறங்களையும் ஆய்ந்தார். வெண்மைக்குச் சுண்ணாம்பு, கருமைக்குக் கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி மண் வகைகள், பச்சைக்குப் பச்சைமண் என்று அவை இனம் காணப்பட்டன. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறுகிறது. நீர் சேர்த்துக் குழைத்துச் சுவரில் பூசினால், அதே வாயுவைக் காற்றிலிருந்து மீண்டும் ஏற்றுக் கல்லாக இறுகுகிறது. கல் சாந்தாகி, சாந்து கல்லாகும் இந்தச் சுழற்சியைக் கரும்பலகையில் சமன்பாடாக மட்டும் கண்ட மாணவர், அங்கே அதனை ஆயிரமாண்டுப் பழமையோடு காண்பர்.

காவியின் செம்மை இரும்பு ஆக்சைடால் வருவது. கொல்லிமலைச் செம்மண்ணுக்கு நிறம் தருவதும் அதுவே. மஞ்சட் காவியைச் சூடேற்றினால் அதிலுள்ள நீர் நீங்கிச் சிவக்கும். இதனை ஆசிரியர் ஒரு சட்டியில் வறுத்தே காட்டிவிடலாம். விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில் வரலாற்றுக்கு முந்தைய மக்கள் செங்காவியால் தீட்டிய உருவங்கள் வெயிலிலும் மழையிலும் இன்றளவும் மங்கிவிடாமல் நிற்பதற்கும் இரும்பு ஆக்சைடின் நிலைபேறே காரணம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடியிலோ ஓவியங்கள் வெண்ணிறத்தவை. கரியால் வரைந்த ஓவியமாயின் கார்பன்-14 முறையில் அதன் காலத்தை அளக்க வழியுண்டு. அந்தக் கார்பன் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். காவியில் கார்பன் இல்லாமையால் அந்த அளவுகோல் அதற்குப் பயன்படாது. ஓர் அறிவியல் முறையின் ஆற்றலோடு அதன் எல்லையையும் மாணவர் சேர்த்தே கற்கிறார்கள்.

இவ்வளவு பாடங்களைத் தாங்கி நிற்பது சில மில்லிமீட்டர்ப் பூச்சு மட்டுமே. சித்தன்னவாசலில் எஞ்சியிருப்பது பழைய ஓவியத்தின் ஒரு பகுதிதான்; தூண்களில் ஆடும் மகளிர் உருவங்கள் பெரிதும் மங்கிவிட்டன. ஆம்பூர்ப் பக்கத்து ஆர்மாமலைக் குகையின் சமண ஓவியங்களும் சிதைந்து, சிறு பகுதிகளாகவே காணக் கிடைக்கின்றன. அடுப்புப் புகை, கைபடுதல், படம் தெளிவாக விழ வேண்டுமென்று தெளிக்கும் நீர், ஆணியால் கீறும் பெயர்கள் ஆகியவை காலத்தினும் கொடிய பகைகள். அன்று பாறையில் எழுதியவர் துறவிக்கு இருக்கை செய்து கொடுத்த செய்தியை எழுதினார். இன்று எழுதுவோர் தம் பெயரையன்றி வேறொன்றும் எழுதுவதில்லை. எழுதும் கை ஒன்றே, எண்ணம்தான் வேறாகிவிட்டது.

குன்றுக்கே கேடு வரும் காலமும் உண்டு. தமிழ்க் கல்வெட்டும் கற்படுக்கையும் தீர்த்தங்கரர் சிற்பமும் கொண்ட மதுரை அரிட்டாபட்டி, 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஈராண்டுக்குள் அப்பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அகப்பட்டது. ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரியில் நடுவண் அரசு அந்த ஏலத்தை இரத்து செய்தது. மலையின் மதிப்பை அறிந்த ஊரே மலையைக் காத்தது. அவ்வறிவை இளமையிலேயே ஊட்டுவதுதான் மரபுக் கல்வியின் பயன்.

ஆசிரியர் செய்யத்தக்கவை எளியவை. புறப்படுமுன் வகுப்பில் உள்ளூர் மண்ணைச் சலித்து, நீரில் குழைத்து, மாணவரே நிறம் செய்து தாளில் தீட்டட்டும். களத்தில் தொடாமல், எட்டி நின்று, பார்த்ததைத் தாளில் வரையட்டும். கண்டது எது, ஊகித்தது எது என்று இரு பத்திகளாக எழுதட்டும். திரும்பியபின் தம் ஊர்ப் பாறைகளையும் பழங்கற்களையும் அதே கண்ணோடு நோக்கட்டும். புதியது தென்பட்டால் அதைத் துடைக்காமலும் அசைக்காமலும் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கட்டும்.

மண்ணையும் நீரையும் உடலாகக் கொண்ட ஓரறிவு உயிர்களையும் எண்ணிப் பார்த்து, அவற்றுக்கும் ஊறு செய்யாதே என்றது அருகன் அறம். அந்த அறத்தைப் போற்றுவோர்க்குப் பாறையைக் கீறாமை தனியே கற்பிக்க வேண்டிய விதியன்று. அகிம்சையின் இயல்பான நீட்சியே ஆகும்.

அன்னம், அபயம், ஔஷதம், சாத்திரம் என்னும் நான்கு தானங்களுள் சாத்திர தானம் ஏட்டை வழங்குவதோடு முடிவதில்லை. ஏடு தோன்றுவதற்கு முன்பே கல்லில் எழுதிய பாடத்தைக் காண, ஆண்டுக்கு ஒரு வகுப்பு மாணவரையேனும் அழைத்துச் செல்வதும் சாத்திர தானமே. அறச்சாலைகளும் அறக்கட்டளைகளும் அதற்கு வழிச்செலவு தந்து உதவினால், பழைய பள்ளியும் புதிய பள்ளியும் மீண்டும் ஒரு பொருள் தரும் சொல்லாகும்.

அறம் வளர்க! அறிவு ஓங்குக!