குலப்பெயர் அறிமுகத்திற்கே, பெருமைக்கன்று

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் சுருக்கம்)

  

சென்ற மாதம் மக்தப் மாணவன் ஒருவன், "ஹஜ்ரத்! வீட்டில் எங்களை ராவுத்தர் என்கிறார்கள். சாதிச் சான்றிதழில் லெப்பை என்று இருக்கிறது. எது சரி?" என்று கேட்டான். நியாயமான கேள்வி.

ராவுத்தர் என்பது குதிரை வீரரைக் குறிக்கும் பழஞ்சொல். 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர், மயிலேறும் முருகனையே அச்சொல்லால் விளித்துள்ளார். பாண்டிய நாட்டிற்குக் கடல்வழியே அரபுக் குதிரைகள் வந்திறங்கியதை 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ பதிவு செய்துள்ளார். மரைக்காயர் என்னும் பெயரை மரக்கலத்தோடு தொடர்புபடுத்துவர். காயல்பட்டினமும் கீழக்கரையும் அவர்தம் பேரூர்கள். லெப்பை என்னும் பெயர் மார்க்கக் கல்வி போதித்தோருக்கு வழங்கியது. ஆங்கிலேயர் காலக் குறிப்புகளில் தமிழ் முஸ்லிம்களின் பொதுப்பெயராகவும் ஆளப்பட்டது.

2007இல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு வழங்கப்பட்டது. அதற்குரிய 7 பிரிவுகளுள் ஒன்று, ராவுத்தரையும் மரைக்காயரையும் உள்ளடக்கிய லெப்பை. ஆகவே வீட்டார் சொன்னதும் சரி, சான்றிதழும் சரி.

ஆனால், கல்விக்கு வாசல் திறக்கும் அதே பெயர் நிக்காஹ் பேச்சில் சுவராக நிற்கிறது. மாப்பிள்ளை தொழுகையாளி, உழைப்பாளி. எனினும் "அவர்கள் நம் ஆட்கள் அல்லர்" என்று மறுத்த வீட்டை நானறிவேன். இடையில் நின்று பேசியவன் நானே. அம்மறுப்பைச் சொல்லச் சென்றபோது, அப்பிள்ளையின் தந்தை முகத்தை நிமிர்ந்து நோக்க என்னால் இயலவில்லை.

கிளைகளும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், இறையச்சமுடையவரே மேலானவர் என்றும் சூரா அல்ஹுஜுராத்தின் 13ஆம் வசனம் போதிக்கிறது. மக்கா வெற்றியின்போது கஅபாவின் மீதேறிப் பாங்கு சொன்னவர் குறைஷித் தலைவர் அல்லர்; அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற பிலால் (ரலி) அவர்கள்.

அம்மாணவனிடம் இவ்வாறு கூறினேன்: "விண்ணப்பத்தில் லெப்பை என்று எழுது, அது உன் உரிமை. பாட்டனாரைப் பற்றிக் கேட்டால் ராவுத்தர் என்று சொல். அது உன் வரலாறு. ஸஃப்பில் நிற்க வரும்போது இரண்டையும் செருப்போடு வாசலில் விட்டு வா."

பெரியோர்களே! அடுத்த சம்பந்தம் பேச அமரும்போது, முதலில் குலத்தைக் கேளாமல் தொழுகையையும் குணத்தையும் கேளுங்கள். அதற்குரிய மனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.