ஐயக்குறி இட்ட எண்கள்: ஓசோன், காற்றுத்துகள், நம் சொற்கள்



மொழியியல் பயின்றவர் வளிமண்டல அறிவியலைப் பேச வருவது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். அதனுள் புக நமக்குக் கிடைத்த வாயில் சொல்தான். புகைமூட்டத்தைப் பற்றி மாணவர் எழுதும் கட்டுரைகளில், புகையினால் ஓசோனில் ஓட்டை விழுகிறது என்னும் பொருள்படும் தொடர் அடிக்கடி தென்படுகிறது. எழுவாய், பயனிலை, வேற்றுமை உருபு எல்லாம் அதில் சரியாகவே உள்ளன. கருத்துதான் தவறு. ஆசிரியரின் சிவப்பு மை ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டு இக்கருத்தைத் தொடாமல் கடந்துவிடுகிறது. இத்தொடர் எவ்வாறு பிறந்தது என்று பார்ப்போம்.

'ஓசோன்' என்பது 1840-இல் சோன்பைன் என்னும் வேதியியலார், மணத்தலைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து ஆக்கிய பெயர். மின்பொறி பறக்கும் இடத்தில் எழும் நெடியே அவ்வளிக்குப் பெயர் தந்தது. மூக்கினால் அறியப்பட்ட பொருள், இன்று எண்ணூறு கிலோமீட்டர் உயரத்துக்கும் அப்பாலிருந்து ஒளியினால் அளக்கப்படுகிறது. 'ஏரோசால்' என்பதோ காற்றில் மிதக்கும் நுண்துகள்களைக் குறிக்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த சொல். பாலைத்தூசி, காட்டுத்தீயின் புகை, கடலுப்பு, எரிமலைக் கந்தகத் துளி யாவும் அதனுள் அடங்கும்.

பின்னர் அச்சொல் கடைத்தெருவுக்கு இறங்கியது. கொசு மருந்தையும் நறுமணத் தைலத்தையும் பீய்ச்சும் குப்பிக்கும் அதே பெயர் வந்தது. 1974-இல் மோலினா, ரோலண்ட் என்னும் இருவர், குப்பிகளில் உந்துவளியாகப் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள் ஓசோனை அழிக்கும் என்று எடுத்துரைத்தனர். 1978-இல் அமெரிக்கா அக்குப்பிகளில் அவ்வளியைத் தடை செய்தது. அன்று முதல் உலகெங்கும் ஏரோசாலும் ஓசோன் அழிவும் ஒரே மூச்சில் பேசப்பட்டன. குற்றவாளி குப்பிக்குள் இருந்த வளி. பழி விழுந்ததோ பெயரின் மீது. மாணவரின் தொடருக்கு வித்து இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து. (துருவ முகில்களின் துகள்களும் எரிமலைத் துளிகளும் ஓசோன் சிதைவுக்குத் துணைபோவது உண்மையே. ஆயினும் நம் வட்டாரப் புகைமூட்டத்தை அத்துடன் இணைக்க இடமில்லை.)

இனி அளத்தல் எவ்வாறு நிகழ்கிறது என்று காண்போம். 1978 அக்டோபரில் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் 'டாம்ஸ்' என்னும் கருவியைச் சுமந்து சென்றது. பூமியில் பட்டுத் திரும்பும் கதிரவனின் புறஊதா ஒளியை ஆறு அலைநீளங்களில் அளப்பதே அதன் பணி. 312 நானோமீட்டர் அளவில் ஓசோன் ஒளியை மிகுதியாக உறிஞ்சும். 380-இல் ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. இந்த வேறுபாட்டிலிருந்து மேலேயுள்ள ஓசோனின் அளவு கணிக்கப்படுகிறது. அளவின் அலகு டாப்சன். வானத்து ஓசோன் முழுவதையும் தரைமட்டத்து அழுத்தத்தில், சுழியப் பாகை வெப்பத்தில் இறக்கிப் பரப்பினால் எத்துணைத் தடிப்பு இருக்குமோ அதில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு ஒரு டாப்சன். 300 டாப்சன் என்பது வெறும் மூன்று மில்லிமீட்டர். இதை வகுப்பில் அளவுகோலை உயர்த்திக் காட்டிச் சொன்னால் மாணவர் மறக்கமாட்டார்.

1984-இன் நடுவில், முந்திய ஆண்டு அக்டோபரின் அளவுகளைச் செப்பம் செய்துகொண்டிருந்த குழுவினர் தென்துருவப் பகுதியில் 180 டாப்சனுக்கும் குறைந்த எண்கள் பல வரக் கண்டனர். அத்துணைக் குறைவு இயலாது என்று கருதப்பட்டதால், கணிப்பொறி அவ்வெண்களின்மேல் ஐயக்குறி இடுமாறு முன்பே அமைக்கப்பட்டிருந்தது. குழுவினர் தென்துருவ நிலையத்தின் தரைக்கருவி தந்த அளவோடு ஒப்பிட்டனர். அது 300 என்றது. தரைக்கருவியே தவறாக இயக்கப்பட்டிருந்தது என்பது பின்னர்தான் தெரிந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் தம் கருவியையே ஐயுற்றுச் சோதித்துக்கொண்டிருந்தனர். 1985 மே மாதத்தில், ஹேலி நிலையத்தில் தரைக்கருவியால் அளந்துவந்த பிரித்தானியர் பார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 'நேச்சர்' இதழில் ஓசோன் வீழ்ச்சியை வெளியிட்டுவிட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் பிராகா நகர மாநாட்டில், நாசாவின் ஓசோன் தரவுகளைக் கையாண்ட பவன் பார்த்தியா செயற்கைக்கோள் படத்தைக் காட்டினார். வீழ்ச்சி ஹேலியில் மட்டும் நிகழ்ந்ததன்று, அண்டார்டிகாக் கண்டத்தளவுக்கு விரிந்தது என்பது அதில் தெரிந்தது.

இந்நிகழ்ச்சியை எடுத்துரைக்கும் எழுத்துகள் பலவற்றில், கணிப்பொறி அவ்வெண்களைத் தூக்கி எறிந்துவிட்டது என்றே காண்கிறோம். குறியிடுதல் வேறு, நீக்குதல் வேறு. ஒரு வினை மற்றொன்றாக மாறியதும் பொறுமையாக ஐயுற்ற மனிதர்கள் பொறுப்பற்றவர்களாகிவிட்டனர். மொழிபெயர்ப்பு வகுப்பில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குத் தெரியாது. 'ஐயக்குறி இட்டு வைத்தது' என்று தமிழில் எழுதினால் வரலாறு சரியாகிவிடும்.

அதே கருவியின் மற்றொரு கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. தூய காற்று குறுகிய அலைநீள ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கும். கீழே புகையோ பாலைத்தூசியோ இருந்தால், ஓசோன் தீண்டாத 340, 380 நானோமீட்டர் ஒளிகளின் விகிதம் எதிர்பார்த்ததிலிருந்து விலகும். முகில்கள் அவ்விகிதத்தை அவ்வளவாக மாற்றுவதில்லை. ஓசோனைக் கணிப்பவர்க்கு இவ்விலகல் ஒரு தொல்லை, திருத்தவேண்டிய பிழை. 1990-களின் நடுவில் ஹெர்மன், பார்த்தியா, டோரஸ், சூ முதலியோர் அப்பிழையையே பொருளாகக் கொண்டு, ஒளியை உறிஞ்சும் துகள்களின் உலகப் பரவலை வரைந்தனர். 1978 முதல் சேர்ந்திருந்த பழைய பதிவுகள் மறுபடியும் படிக்கப்பட்டன. ஏட்டுச்சுவடியில் ஓசோனுக்காக ஒருமுறையும் துகளுக்காக மறுமுறையும் உரை கண்டதைப் போன்றது இது.

இம்முறைக்குப் பெரிய சோதனை நம் வாயிலிலேயே வந்தது. 1997-இல் எல் நினோ வறட்சியில் சுமத்திராவும் கலிமந்தானும் எரிந்தன. சரவாக்கில் காற்றுத்தூய்மைக் கேட்டின் குறியீடு 800-ஐக் கடந்து நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. எரிதலில் எழும் வளிகள் வெயிலோடு வினைபுரிந்து, தரைக்கு நெருங்கிய அடிவளிமண்டலத்தில் ஓசோனை உண்டாக்கவும் செய்யும். அதாவது தீ ஓசோனைப் பெருக்கியது! ஆன் தாம்சனும் அவருடன் ஆய்ந்தோரும் 2001-இல் 'சயன்ஸ்' இதழில் காட்டியபடி, அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நவம்பர் வரை ஓசோன் திரள், கீழிருந்த புகையினின்று பிரிந்து இந்தியா வரை நீண்டது. ஒரே தீயில் பிறந்த இரண்டும் ஒரே வழியில் செல்லவில்லை. 'புகையினால் ஓசோனில் ஓட்டை' என்ற தொடர் எத்துணைத் தொலைவு வழிதவறியது என்பதற்கு இதுவே சான்று.

இனிச் சொல்லாக்கம். ஏரோசாலுக்குச் சில நூல்கள் 'தூசுப்படலம்' என்கின்றன. கடலுப்பும் கந்தகத்துளியும் தூசு அல்ல. அவை எப்போதும் படலமாக நிற்பதுமில்லை. 'காற்றுத்துகள்' எளிது, பொது, குப்பியோடும் குழம்பாது. குப்பியைப் 'பீய்ச்சுகுப்பி' என்றே சொல்லிவிடலாம். ஓசோனைப் பொறுத்தவரை பெயரை மாற்றத் தேவையில்லை, அடைமொழிதான் தேவை. அடுக்குமண்டல ஓசோன் நம்மைக் காப்பது, அடிவளி ஓசோன் நுரையீரலை வருத்துவது. சிங்கப்பூரின் காற்றுத்தரக் குறியீட்டில் நுண்துகளும் ஓசோனும் தனித்தனி உறுப்புகளாகவே கணக்கிடப்படுகின்றன. 'ஓட்டை' என்ற சொல்லை நாம் வெறுக்கவில்லை. உருவகம் மனத்தில் நிற்கும். ஆனால் 220 டாப்சனுக்குக் கீழே குறைந்த பகுதிக்கே அப்பெயர் என்பதை ஒருமுறையேனும் சொல்லிவிடவேண்டும்.

'தொலையுணர்வு' என்ற சொல்லை மட்டும் மனமுவந்து ஏற்கிறோம். தமிழில் உணர்தல் என்பது புலனால் அறிதலையும் பொருள் விளங்கிக்கொள்ளுதலையும் குறிக்கும். கருவி ஒளியை மட்டுமே பெறுகிறது. ஓசோனா, துகளா என்று விளங்கிக்கொள்வது கணிப்பு. இவ்விரண்டையும் நம் வினைச்சொல் ஏற்கெனவே தன்னுள் வைத்திருக்கிறது.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலைத் தமிழில் பயிற்றும் ஆசிரியர்களும், சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழ்க் கட்டுரையில் எழுதவேண்டிய மாணவர்களும் இங்கே வந்திருக்கிறீர்கள். வகுப்பில் நீங்கள் வழங்கும் சொற்களைச் சொன்னால், இம்முன்மொழிவுகளை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறோம். வினாக்களுக்கு நேரம் இருக்கிறது.