கண்ணுக்குத் தெரியாத புகையே!

(பட்டிமன்றத் தலைப்பு: கடலுக்குப் பெரும்பகை எது? கண்ணுக்குத் தெரியும் குப்பையா? கண்ணுக்குத் தெரியாத புகையா?)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அய்யா அவர்களே! குப்பையோடு வந்து எதிரணியில் அமர்ந்திருக்கிற நண்பர்களே! (சிரிப்பு) அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? பிளாஸ்டிக் பையைத் தின்னு ஆமை சாகுதுன்னார். உண்மைதாங்க, மறுக்கலை. ஆனா அய்யா, குப்பை கண்ணுக்குத் தெரியுது. குனிஞ்சு பொறுக்கலாம். புகையை எந்தக் கூடையில பொறுக்குறது?

நிலக்கரியையும் பெட்ரோலையும் எரிக்கிறோம். கார்பன் டை ஆக்சைடு வருது. அதில் ஏறக்குறையக் கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. சோடா பாட்டிலுக்குள்ள இருக்கிறதும் இதே வாயுதான். தண்ணீரில் கரைந்தால் அமிலம். தொழிற்புரட்சிக்கு முன் கடல் மேற்பரப்பின் பி.எச். அளவு சுமார் 8.2. இப்போது 8.1.

எதிரணி நண்பர் சிரிக்கிறார். 'வெறும் 0.1-க்கா இவ்வளவு கூச்சல்? 8.1-ன்னா இன்னும் காரம்தானே?' காரம்தாங்க. கடல் ஆசிட்டாயிடுச்சுன்னு நான் சொல்லலை. அமிலத்தின் பக்கமா நகருதுன்னு சொல்றேன். இது முழக்கோல் கணக்கு இல்லை. ஒரு எண் இறங்கினா அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். 0.1 இறங்கினதுக்கே சுமார் 30 சதவீதம் ஏறியாச்சு! உங்க ரத்தத்தோட அளவு 7.4. அது 7.2-க்கு இறங்கினா நீங்க மேடையில இருக்க மாட்டீங்க, ஐ.சி.யூ.வுல இருப்பீங்க! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: அவர் நல்லாத்தானே உட்கார்ந்திருக்காரு? வர்ற தீர்ப்பைக் கேட்டு வேணா அங்கே போவாரு! (சிரிப்பு)

அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி கொண்டு வந்திருக்கேன் அய்யா. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலம். நெட்டார்ட்ஸ் வளைகுடாக் கரையில் ஒரு சிப்பிக் குஞ்சுப் பண்ணை. 2007, 2008-ஆம் ஆண்டுகளில் குஞ்சுகள் தொட்டி தொட்டியாகச் செத்தன. கிருமின்னாங்க. தண்ணீரைச் சுத்தம் பண்ணக் கருவி வாங்கிப் போட்டாங்க. கிருமி அடங்குச்சு. சாவு அடங்கலை!

பிறகு ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகக் கடல் விஞ்ஞானி பர்க் ஹேல்ஸும் பண்ணைக்காரர்களும் சேர்ந்து, தண்ணீரின் வேதியியலையே அளந்து பார்த்தார்கள். அங்கே கோடையில் வடக்குக் காற்று அடித்தால், மேல்தண்ணீர் விலகி ஆழத்துத் தண்ணீர் மேலே வரும். அதில் இயற்கையாகவே இந்த வாயு அதிகம். அதோடு நம்ம புகையும் சேர்ந்துக்கிச்சு. 2012-இல் ஆய்வை வெளியிட்டார்கள்.

குஞ்சு ஏன் சாகுது? பிறந்த இரண்டு நாளுக்குள்ள அது ஓடு கட்டியாகணும். அதற்குச் செங்கல், தண்ணீரில் இருக்கிற கார்பனேட். அமிலம் அந்தச் செங்கலைத் தூக்கிட்டுப் போயிடுது. குஞ்சுக்கோ இன்னும் இரை தேடத் தெரியாது. தாய் முட்டைக்குள்ள வைத்துவிட்ட கட்டுச்சோறுதான் கையிருப்பு. அத்தனையையும் வீடு கட்டவே செலவழிச்சிட்டு, குடியேறுறதுக்கு முன்னாலேயே செத்துப் போகுதுங்க!

பண்ணைக்காரர்கள் பிழைத்துக்கொண்டார்கள். எப்படி? தொட்டித் தண்ணீரில் சலவைச் சோடாவைக் கலந்தார்கள். வெயிலில் பாசியும் கடற்புல்லும் வாயுவை உறிஞ்சிய பிறகு, பிற்பகலில் தண்ணீர் எடுத்தார்கள். சரி, தொட்டிக்குச் சோடா போட்டாச்சு. பசிபிக் பெருங்கடலுக்கு யாருங்க போடுறது? (கைதட்டல்)

இன்னொன்றும் கேளுங்கள். அந்த ஆழத்துத் தண்ணீர் கடைசியாகக் காற்றைத் தொட்டது சில பத்தாண்டுகளுக்கு முன்னால். அது சுமந்து வந்தது அன்றைய புகை. 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் காற்றை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு இந்த வாயு. 2024-இல் அது 420-ஐத் தாண்டிவிட்டது. இந்தப் புகையைக் குடித்த தண்ணீர் இனிமேதான் அங்கே மேலே வரப்போகுது! தாத்தா வாங்கின கடனுக்கே வீடு ஏலம் போகுது. நாம வாங்குற கடன் பேரன் வாசலில் வந்து நிற்கும் அய்யா!

குப்பையைப் பொறுக்குங்க, நானும் கூட வர்றேன். ஆனா கரைந்துவிட்ட புகையைக் கடலிலிருந்து பொறுக்க முடியாது. அடுப்பிலேயே, ஆலையிலேயே, வண்டியிலேயே குறைத்தாக வேண்டும். எனவே நடுவர் அவர்களே, கடலுக்குப் பெரும்பகை கண்ணுக்குத் தெரியாத புகையே என்று, ஓடு கட்ட முடியாத அந்தச் சிப்பிக் குஞ்சுகள் சார்பாகத் தீர்ப்பு வழங்குங்கள். (பலத்த கைதட்டல்)