மலைக்கணக்கை இரண்டரை மணிக்கு மூடுங்கள்

(மார்கழி மாதக் கூட்டத்தில் நம் சமூகக் கூடத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தந்திருக்கிறேன்.)



பொங்கல் விடுமுறையில் நம் குடியிருப்பிலிருந்து ஐந்தாறு குடும்பங்கள் அவரவர் காரில் மேகமலை போய்வர யோசிக்கிறீர்கள். மூன்று முறை போனவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார் நம் செயலாளர். நான் பெரிய டிரைவர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகவே இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான். ஆனால் முதல் பயணத்தில் அந்தக் கணக்கையே தப்பாகப் போட்டேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மழை விட்ட காலை நேரத்தில் மொட்டை மாடியில் நின்று மேற்கே பாருங்கள். நீலமாக ஒரு மலைத்தொடர் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு மலைகள். அந்த மலைகளுக்குப் பின்னால்தான் மேகமலை. வத்திராயிருப்பிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் முப்பது கிலோமீட்டர்கூட வராது. ஆனால் குறுக்கே கார் போகும் சாலை கிடையாது. நாம் டி.கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டி என்று வடக்கே ஏறி, ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டி, தேனி, வீரபாண்டி வழியாகச் சின்னமனூர் போக வேண்டும். சிவகாசியிலிருந்து ஏறக்குறைய 135 கிலோமீட்டர். அங்கிருந்து மலை மேல் இன்னும் 40 கிலோமீட்டர்.

இந்த 135க்கும் 40க்கும் உள்ள வித்தியாசம்தான் முதல் பாடம். கீழே 135 கிலோமீட்டர் மூன்றரை மணி நேரம். மேலே 40 கிலோமீட்டருக்கு நின்று நின்று போனால் இரண்டு மணி நேரம். 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். மலையில் கிலோமீட்டரைக் கணக்குப் போட்டால் ஏமாந்து போவீர்கள். மணியைத்தான் கணக்குப் போட வேண்டும். அதையும் பின்னாலிருந்து போட வேண்டும். முதலில் எத்தனை மணிக்கு மலையை விட்டு இறங்கியிருக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அதிலிருந்து பின்னோக்கி வந்தால் எத்தனை மணிக்கு இங்கே கிளம்புவது என்பது தானாக வந்துவிடும்.

அடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச்சாவடி இருக்கிறது. இருட்டிய பிறகு சுற்றுலா வண்டிகளுக்கு அந்தச் சாலை கிடையாது. 2021 பிப்ரவரியில் நம் பக்கத்து சாம்பல் நிற அணில் சரணாலயத்தையும் மேகமலைச் சரணாலயத்தையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். ராத்திரியில் அந்தச் சாலை யானைக்கும் காட்டுமாட்டுக்கும் சொந்தம்.

இப்போது என் தப்புக் கணக்கைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற மறு வருஷம் நானும் வீட்டம்மாவும் பேத்தியும் போனோம். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஏழரை மணி. வழியில் பலகாரம், காப்பி, வீரபாண்டி கோயில். மேலே சேரும்போது மணி இரண்டாகிவிட்டது. மேலே போனால் திரும்ப மனம் வருமா? தேயிலைச் சரிவு, நடுவில் அணைத் தண்ணீர், கண்ணெதிரே மேகம் வந்து மூடி மூடித் திறக்கிறது. படம் எடுத்து முடித்து இறங்க ஆரம்பித்தபோது மணி நாலரை. சோதனைச்சாவடியை மூடிவிடுவார்களே என்ற அவசரம் எனக்கு. அதோடு இறக்கத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிக்கலாம் என்று நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே வந்தேன்.

பாதி மலை இறங்கியிருப்போம். ரப்பர் கருகின மாதிரி வாடை. வெளியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பிரேக்கை அழுத்தினால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, வண்டி நிற்கவில்லை. முதல் கியருக்குத் தள்ளி, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கம் இருந்த சாக்கடையில் சக்கரத்தை இறக்கித்தான் நிறுத்தினேன். அந்தப் பக்கம் திருப்பியிருந்தால் பள்ளம். பின் சீட்டில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

மேலேயிருந்து வந்த எஸ்டேட் ஜீப் டிரைவர் ஒருவர் நின்றார். சக்கரத்துக்கு முன்னால் கல்லைப் போட்டார். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பிரேக்கில் ஊற்றப் போனேன். “ஊத்தாதீங்கய்யா, சூட்டுல விரிசல் விட்டுரும். தானா ஆறட்டும்” என்றார். முக்கால் மணி நேரம் எங்களோடு இருந்தார். பிறகு வண்டியைத் தூக்கிவிட்டு, “ரெண்டாவது கியரை விட்டு எடுக்காதீங்க, என் பின்னாடியே வாங்க” என்று சொல்லி, அடிவாரம் வரை முன்னால் மெதுவாகப் போனார். அந்தப் பதற்றத்தில் அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

பிரேக் என்பது வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றும் சாதனம். விடாமல் அழுத்தினால் அந்தச் சூடு ஆற நேரம் இல்லை. பட்டை பிடிப்பு இழக்கும், பிரேக் எண்ணெய் கொதித்துப் பெடல் உள்ளே போகும். அதனால் எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வேகத்தை எஞ்சினே பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் நன்றாக ஒரு முறை அழுத்தி விட்டுவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் குறைந்த கியரில் நிறுத்துவது எப்படி என்று இங்கேயே பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேடிக்கை. இன்றைய பெட்ரோல் வண்டிகள் கியரில் இருந்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் எஞ்சினுக்கு எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். ஆக நான் மிச்சம் பிடித்தது ஒரு ரூபாய்கூட இல்லை. அதற்கு மூன்று உயிரை அடமானம் வைத்திருக்கிறேன்.

அடுத்தது, எப்போது போவது. நம் ஊரில் தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறை, எல்லோருக்கும் கையில் நேரம். ஆனால் அப்போது வடகிழக்குப் பருவமழை. மலைச் சாலையில் மண் சரியும், மரம் விழும். ஜூன் முதல் தென்மேற்கு மழை. பிப்ரவரி பாதிக்கு மேல் புல் காய்ந்து காட்டுத்தீ காலம் வந்துவிடும். 2018 மார்ச் 11 அன்று இதே தேனி மாவட்டத்தில், போடி பக்கத்துக் குரங்கணி மலையில் தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது தை மாதம். உங்கள் பொங்கல் யோசனை சரியானதுதான்.

தீ என்றதும் என் இரண்டாவது பயணம். தேனியில் சம்பந்தி வீடு. வெறுங்கையோடு போகலாமா? சிவகாசிக்காரன் கொண்டு போவது என்ன, பட்டாசு கிஃப்ட் பாக்ஸ்தான். போன நேரம் அவர்கள் வீடு பூட்டியிருந்தது. வரும்போது கொடுக்கலாம் என்று டிக்கியிலேயே வைத்துவிட்டு மறந்துபோனேன். சோதனைச்சாவடியில் காவலர் டிக்கியைத் திறக்கச் சொன்னார். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கோபப்படவில்லை. “ஐயா, நீங்க சிவகாசிக்காரர். தீயைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா?” என்றார்.

எனக்கு முகம் சுருங்கிப்போனது. நம் கட்டடத்தில் எத்தனை வீட்டில் பட்டாசு ஆலை வருமானம்? எத்தனை பேர் விபத்துச் செய்தி கேட்டு ராத்திரியில் ஓடியிருக்கிறோம்? அப்படி இருந்தும் வெயிலில் சூடேறும் டிக்கியில் பட்டாசை வைத்துக்கொண்டு காட்டு வாசலில் நின்றேன். அன்று திரும்பித் தேனிக்கே போய், சம்பந்தி வரும்வரை காத்திருந்து கொடுத்துவிட்டு, மலையேறாமல் ஊர் வந்தோம். ஆகவே கிளம்பும் முன் டிக்கியைக் காலி செய்து பாருங்கள். பட்டாசு, மது, பிளாஸ்டிக் பை எதுவும் வேண்டாம். சோற்றை டிபன் கேரியரில் எடுங்கள், தண்ணீரை எவர்சில்வர் கூஜாவில் எடுங்கள். மேலே கொண்டு போகும் எச்சில் இலை வரைக்கும் கீழே திரும்ப வர வேண்டும். வரவும் பற்றும் டாலி ஆக வேண்டும்.

மூன்றாவது பயணத்தில்தான் கணக்கு சரியாக வந்தது. அந்த அட்டவணையையே உங்களுக்கும் சொல்கிறேன். காலை ஐந்து மணிக்கு இங்கிருந்து கிளம்புங்கள். ஏழரைக்குத் தேனியில் இட்லி, அதுவும் அளவாக. வளைவில் வாந்தி வரும் பிள்ளைகளுக்கு முன் சீட்டு, கையில் எலுமிச்சம்பழம். எட்டரைக்குச் சின்னமனூர். அங்கே பெட்ரோல் நிரப்புங்கள், மேலே பங்க் கிடையாது. டயரில் காற்று பாருங்கள். ஒன்பது மணிவாக்கில் சோதனைச்சாவடி. பதினொன்றுக்கு மேலே. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. இரண்டரைக்கு இறக்கம். அப்போதெல்லாம் வங்கியில் இரண்டு மணிக்குக் கவுன்ட்டரை மூடிவிடுவோம், அதற்குப் பிறகு யார் கெஞ்சினாலும் பணம் வாங்க மாட்டோம். நான் அரை மணி சலுகை தந்திருக்கிறேன். அதற்கு மேல் கிடையாது. நாலரை, ஐந்துக்குள் கீழே இறங்கி, சின்னமனூரிலோ தேனியிலோ தங்குங்கள். அன்றைக்கே ஊர் திரும்ப வேண்டாம். மலை இறங்கிய களைப்போடு ராத்திரியில் நான்கு மணி நேரம் ஓட்டுவது நம் வயதுக்குச் சரிவராது.

மேலே மேகமலை, ஹைவேவிஸ், மணலாறு, மேல்மணலாறு, வெண்ணியாறு, மகாராஜாமெட்டு, இரவங்கலாறு என்று ஏழு ஊர்கள். எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்று கிளம்பாதீர்கள். உள்ளே போகப் போகச் சாலை குறுகும், சில இடங்களுக்கு அனுமதியும் கிடையாது. ஹைவேவிஸ் பக்கம் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தாலே போதும். அங்கே தேங்கும் தண்ணீர்தான் குழாய் வழியாக இறங்கிச் சுருளியாறு மின் நிலையத்தில் மின்சாரமாகிறது.

அந்த ஊர்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். ஆஸ்பத்திரி, சந்தை என்று எதற்கும் சின்னமனூர் பேருந்தை நம்பியிருப்பவர்கள். நாம் வளைவில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தால் அந்தப் பேருந்து நிற்கும். அதில் காய்ச்சலோடு ஒரு பிள்ளை இருக்கலாம். அகலமான இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். குறுகிய இடத்தில் எதிரே வண்டி வந்தால் இறங்குகிறவர் நின்று, ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, சட்ட விதியும்கூட. ஆறு கார்களும் வால் பிடித்த மாதிரி போகாதீர்கள். இரண்டு இரண்டாகப் பிரிந்து போங்கள். ஃபோன் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. அதனால் யார் யார் போகிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்று எழுதி, இங்கே வீட்டிலிருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒன்று. முதல் நாளே தேனி மாவட்ட வனத்துறையிடம் சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை மேகமலைப் பக்கம் வந்து, கம்பம் ஊருக்குள்ளேயே நடந்தது. ஜூன் 5 அன்று பிடிக்கும்வரை மேகமலைக்குச் சுற்றுலாக்காரர்களை விடவில்லை. அப்படி ஏதாவது இருந்தால் சோதனைச்சாவடியில் நின்று ‘ஆளைத் தெரியும்’ என்று பேச வேண்டாம். சுருளி அருவி இருக்கிறது, 1959இல் திறந்த வைகை அணை திரும்பும் வழிப் பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதுவும் சந்தோஷம்தான்.

மூன்றாவது முறை இறங்கி வந்து சின்னமனூரில் காப்பி குடிக்கும்போது வீட்டம்மா சொன்னார்: “முதல் தடவை நீங்க மலையைப் பாக்கல, கடிகாரத்தைத்தான் பாத்தீங்க. இன்னைக்குத்தான் மலையைப் பாத்தோம்.” நேரத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டால் பிறகு கடிகாரத்தைப் பார்க்கத் தேவையில்லை.

வருகிறவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயரையும் வண்டி எண்ணையும் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். பிரேக்கை மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வாருங்கள். கேட்டில் ஐந்து மணி என்றால் ஐந்து மணி.