பக்ஷவாதமும் மனச்சோர்வும்

 

பக்ஷவாதம் கண்டவரின் கைகாலைக் கவனிக்கும் நாம் அவர் மனத்தைக் கவனிப்பதில்லை. என் தமையனார் நடக்கத் தொடங்கிய பின்னரும் உணவை வெறுத்துச் சுவரையே நோக்கியிருந்தார். "மனத்தைத் திடப்படுத்திக் கொள்ளலாகாதா?" என்று கடிந்தேன். அது என் அறியாமை. இந்நோயினின்று பிழைத்தோரில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இச்சோர்வு உண்டாகிறது. மூளைக்கு நேர்ந்த சேதமும், இழந்ததைப் பற்றிய துயரமும் அதற்குக் காரணங்களாம், மனவுறுதிக் குறைவன்று.

மருந்துக்குத் துணையாவன இரண்டு. ஒன்று தியானம். 1979-இல் அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் சர்வகலாசாலை வைத்தியப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் என்பார் அதனை நோயாளருக்குரிய பயிற்சியாக்கினார். மற்றொன்று 'பயோபீட்பேக்'. விரலிலோ மார்பிலோ பொருத்திய கருவி, இருதயத் துடிப்பின் ஏற்றத்தாழ்வைத் திரையிற் கோடாகக் காட்டும். நிமிஷத்திற்குச் சுமார் ஆறு முறை மெல்ல மூச்சுவிட்டால் அக்கோடு அலைபோற் சீர்ப்படும். தம் கையே தமக்கு அடங்காதவர், உடலில் ஒன்றேனும் தம் வசமாவதைக் கண்ணாற் காண்பது பெருந்தேறுதலன்றோ?

இவை வைத்தியத்திற்கு மாற்றல்ல. சோர்வு நீடித்தாலும், உயிர்மேல் வெறுப்புத் தோன்றினாலும் தாமதியாது வைத்தியரை நாடுங்கள். நான் கடிந்ததுபோல் நீங்கள் கடியாதீர்கள். அருகில் அமர்ந்து அவரோடு தாங்களும் மெல்ல மூச்சுவிடுங்கள். அதற்குக் கருவியும் வேண்டுவதில்லை.