பட்டம் மட்டும் போதாது

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளைக் கல்லூரி வாயில்வரை கொண்டு சேர்த்து வந்துள்ளது. அவ்வாயிலைக் கடந்தபின் அவர்கள் என்ன செய்தல் வேண்டும் என்பதே நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள். வகுப்பில் அமர்ந்து, குறிப்பெடுத்து, தேர்வெழுதிப் பட்டத்துடன் மீள்வது மட்டுமே பல்கலைக்கழகக் கல்வி ஆகாது. ஒருவர் கருத்தை மற்றவர் கேட்டும் மறுத்தும் திருத்தியும் வளர்க்கின்ற சமுதாயமே பல்கலைக்கழகம். அச்சமுதாயம் ஆய்வரங்கிலும் ஆடுகளத்திலும் பேச்சு மேடையிலும் கூடுகின்றது. அங்கெல்லாம் நமக்கும் இடம் உண்டு.

அண்ணல் அம்பேத்கர் 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று, நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். ஜான் டூயி, செலிக்மன் போன்ற பேராசிரியர்களிடம் பாடம் கேட்டார். கேட்டதோடு அவர் நின்றுவிடவில்லை. 1916 மே 9 அன்று, மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசர் நடத்திய ஆய்வரங்கில், ‘இந்தியாவில் சாதிகள்’ என்னும் கட்டுரையைப் படித்தார். அப்போது அவருக்கு வயது 25. தம் சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம்தான் சாதியின் உயிர்நாடி என்று அயல்நாட்டு அறிஞர் அவையில் நிறுவினார். 1917-இல் அக்கட்டுரை அச்சேறியது. இருபது ஆண்டுகள் கழித்து, 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் கலப்பு மணமே உண்மையான மருந்து என்று அவர் எழுதியபோது, அன்றைய ஆய்வரங்கில் விதைத்த வித்து மரமாகி நின்றதைக் காண்கின்றோம்.

அண்ணல் நியூயார்க்கில் பயின்ற அதே காலத்தில், அண்டை மாநிலமான நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் கல்லூரியில் பால் ராப்சன் என்னும் கறுப்பின இளைஞர் 1915-இல் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். அவர் தந்தையார் அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, சமயப் போதகரானவர். ராப்சன் காற்பந்து அணியில் சேர முற்பட்டார். அமெரிக்கர் ஆடும் காற்பந்து, பந்தைக் கையிலேந்தி உடலோடு உடல் மோதி ஆடுவது. முதல்நாள் பயிற்சியிலேயே வெள்ளை மாணவர்கள் அவரைத் திட்டமிட்டுத் தாக்கினர். மூக்கு உடைந்தது, தோள்பட்டை மூட்டு விலகியது. ஆயினும் அவர் மீண்டும் களத்திற்கு வந்தார். தமக்குப் பின்னே வரவிருக்கும் கறுப்பினச் சிறுவர்களின் பேராளராகவே தாம் அங்கு நிற்பதாக அவர் எண்ணினார். 1917, 1918 ஆகிய ஆண்டுகளில் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

ஆடுகளத்தில் வென்ற அவர் நூலகத்தை மறக்கவில்லை. சட்டத்தின் சமமான பாதுகாப்பை அனைவருக்கும் உறுதி செய்யும் அமெரிக்க அரசமைப்பின் 14-ஆவது திருத்தத்தை, உறங்கிக் கிடக்கும் பேராற்றலாகக் கண்டு 1919-இல் ஆய்வுரை எழுதினார். அவ்வாண்டுப் பட்டமளிப்பு விழாவில், மாணவர் சார்பில் விடைபெறும் உரையாற்றும் பெருமையும் அவருக்கே கிடைத்தது. 1954-இல் பள்ளிகளில் நிறவேற்றுமை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அத்திருத்தத்தைக் கொண்டே. சட்டங்களின் சமமான பாதுகாப்பு என்னும் அக்கருத்து, அண்ணல் தலைமையேற்ற வரைவுக்குழு உருவாக்கிய நம் அரசமைப்பிலும் 14-ஆவது உறுப்பாகவே அமைந்துள்ளது.

இளைஞர்களே, என் குறையையும் இங்கே சொல்லிவிடுகின்றேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப்படி ஏறிய முதல் ஆள் நான். கடைசி இருக்கையே என் இடம். ஒருமுறை இலக்கிய மன்றக் கூட்டத்திற்கென இரவெல்லாம் விழித்து ஒரு கட்டுரை எழுதிச் சென்றேன். “அடுத்துப் பேச விரும்புவோர் யார்?” என்று ஆசிரியர் கேட்டார். என் பேச்சின் வாடையை வைத்தே என் தெருவைக் கண்டுபிடித்துச் சிரிப்பார்களோ என்று அஞ்சினேன். கட்டுரையைச் சட்டைப்பையில் மடித்து வைத்தவாறே விடுதிக்குத் திரும்பினேன். அதன்பின் பட்டம் பெற்றேன், ஆசிரியப் பயிற்சி முடித்தேன், தலைமையாசிரியரும் ஆனேன். ஆயினும் அன்று எழாத கால்களை எண்ணி இன்றும் வருந்துகின்றேன். என்னைத் தடுத்தவர் அந்த அவையில் எவருமில்லை. தலைமுறை தலைமுறையாக நமக்குள் ஊட்டப்பட்ட அச்சமே தடுத்தது.

அவ்வச்சம் உங்களுக்கு வேண்டா. நம் கழகத்திற்கு இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். விடுமுறையில் ஊர் திரும்பும் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும், தாம் கற்றதில் ஒன்றைக் கட்டுரையாக்கி நம் படிப்பகத்தில் படித்தல் வேண்டும்; பள்ளிப் பிள்ளைகள் தயங்காது வினாத் தொடுத்தல் வேண்டும். நம் விளையாட்டுக் குழுவில் பெண்பிள்ளைகளுக்கும் களம் அமைத்தல் வேண்டும். வினாவுக்கு விடை சொல்லிப் பழகிய நாவும், தோல்வி கண்டு துவளாத நெஞ்சமும் இங்கேயே உருவாகிவிட்டால், எந்தப் பல்கலைக்கழக அவையும் நம் பிள்ளைகளுக்கு அந்நியமாகாது.

அடுத்த முறை “பேச விரும்புவோர் யார்?” என்று கேட்கப்படும்போது எழுந்து நில்லுங்கள். எனக்காகவும் சேர்த்து எழுந்து நில்லுங்கள்.